மண்மேட்டில் வெள்ளைக்கொடி

பொழுது சாய்ந்துவிட்டால் உடையப்பனுக்குக் கண் தெரியாது. அன்றைக்கு ஓர் ஆள் தெரிந்தான்.

மலாயா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் வருஷம் அது. கோப்பெங் பக்கம் மழை பிடித்துக்கொண்டதால் இரண்டாவது ஆகாசக் கப்பல் இன்னும் வந்து சேரவில்லை. ரப்பர் விலை விழுந்து கைவிட்ட கித்தாத் தோட்டத்தில் மரங்களை வெட்டி, வேரைப் பிடுங்கி, விமானம் இறங்குவதற்கென்று புல் விட்ட மைதானம். ஈரப்புல் வாசமும், பெட்ரோல் வாடையும், ஓரத்தில் மிச்சமிருந்த கித்தா மரங்களின் புளித்த பால் நாற்றமும் கலந்து வர, மற்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்த அந்த நேரத்தில், மண்மேட்டின் மேல் இரண்டு கொடிகளோடு நின்ற உடையப்பனுக்கு உலகம் முழுக்கக் கரி பூசியதுபோல் அணைந்து போயிருந்தது. அந்தக் கறுப்பில், மைதானத்தின் நட்டநடுவே, தோல் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் நின்றான். சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. ஒரு காலில் சப்பாத்து இல்லை.

உடையப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். ஆள் போகவில்லை.

மூக்கு நிமிர்ந்த கப்பல்கள் அவை. தரையில் ஓட்டும்போது உள்ளே உட்கார்ந்திருக்கிற துரைக்கு நேரெதிரே யானை நின்றாலும் தெரியாது. அதற்காகத்தான் உடையப்பனை நிறுத்தியிருந்தார்கள். மேலேயிருந்து ஒன்று இறங்க வந்தால் சிவப்புக்கொடி. தரையில் இருப்பது அசையக்கூடாது. வானம் காலியாக இருந்தால் வெள்ளை. இருட்டில் கை மாறிவிடாமலிருக்கச் சிவப்பின் பிடியில் கத்தியால் கீறி வைத்திருந்தான்.

இந்த வேலை கிடைத்த கதை இதுதான். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, எல்லாரையும் வரிசையாக நிறுத்திவைத்து, "கண்ணு நல்லாத் தெரியுமா?" என்று துரை கேட்டார். தோட்டத்தில் துரை கேட்டால் "ஆமாங்க தொரே" என்பதைத் தவிர வேறு பதில் எவன் வாயிலும் வந்து பழக்கமில்லை. பகலில் அவனுக்குப் பருந்துக்கண், அதில் பொய்யில்லை. பொழுது சாய்ந்தபின் எப்படி என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. வரிசை வீடுகளான லயத்தை விட்டுத் தனிவீட்டுக்கு வந்தாயிற்று. ஆறு மாதக் கர்ப்பமாயிருந்த மனைவி இருளாயி, "எங்க வீட்டுக்காரரு இல்லாட்டி கப்பலே எறங்காது" என்று குழாயடியில் பெருமை பேசிக்கொண்டிருந்தாள். மாலைக்கண் என்று தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும், மறுநாளே மறுபடி புல்வெட்ட லயத்துக்குப் போக வேண்டியதுதான். ஆட்டு ஈரல் தின்றால் குணமாகும் என்றார்கள். மனைவிக்கு மசக்கை என்று கறிக்கடையில் பொய் சொல்லி வாங்கி, புதர் மறைவில் தானே சுட்டுத் தின்றான். பிள்ளைத்தாய்ச்சி பேரில் வாங்கியதைத் தின்கிறோமே என்று உறுத்தியது. கண்ணும் வரவில்லை.

இதுவரை காதை வைத்தே சமாளித்திருந்தான். அன்றைக்குத் தரையில் நின்ற கப்பலை முடுக்கிவிட்டார்கள். அந்த இரைச்சல் தவளைச் சத்தத்தை விழுங்கியது, காற்றை விழுங்கியது, வானத்தில் இருக்கக்கூடியதையும் விழுங்கியது.

"உடையப்பா!" இறக்கைக்கு அடியில் சக்கரக்கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தோணிமுத்து கத்தினான். "தொரை கேக்குறாரு! போலாமா? எனக்கு எறக்கை மறைக்குது. மேல ஏதும் இருக்கா?"

உடையப்பன் அண்ணாந்து பார்த்தான். கறுப்பு.

"அண்ணே..."

"என்னா?"

நடுவில் யாராவது நிற்கிறார்களா அண்ணே. அவ்வளவுதான் கேட்க வேண்டும். கேட்டால், உனக்குத் தெரியலயா என்பான் அந்தோணி. 

அந்த ஆள் இப்போது கிட்டே வந்திருந்தான். அவன் நடந்து வந்ததை உடையப்பன் பார்க்கவில்லை. பத்தடி தூரம். கழுத்து ஒருபக்கம் சாய்ந்திருந்தது. இமைக்காத கண்கள். வாய் திறந்து திறந்து மூடியது. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். வேண்டாம். வேண்டாம்.

இந்நேரத்தில் என் கைவிரலே எனக்குத் தெரியாது, உடையப்பன் நினைத்தான். இவன் தெரிகிறான். அப்படியானால் இவன் இங்கே இல்லை.

"என்னாலா! சீக்கிரம் காட்டு!" அந்தோணி மறுபடி கத்தினான்.

கீறல் இல்லாத பிடியைத் தேடினான். 

தூக்கினான். வெள்ளை.

இரைச்சல் நகர்ந்தது. அதற்குள்ளே இன்னோர் இரைச்சல். மேலிருந்து. மிகக் கிட்டே.

மூங்கில் புதர் மொத்தமாக முறிகிற சத்தம். துணி கிழிகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. தவளைகள் மட்டும்.

வெகுநேரம் கழித்து மேட்டின்மேல் மூச்சிரைக்க யாரோ ஏறி வந்தார்கள். பெட்ரோல் வாடை. அந்தோணியின் கை அவன் தோளைப் பிடித்தது.

"நம்ம தொரைக்கு நெனவில்ல, பொழைச்சா உண்டு. எறங்க வந்தவரு போயிட்டாரு தம்பி. கழுத்து முறிஞ்சிருச்சு. ஒத்தக்காலு சப்பாத்தக்கூடக் காணோம்." குரல் உடைந்தது. "எறக்கை மறைச்சதுல எனக்கு ஒண்ணும் தெரியல. நீ என்னா கொடி காட்டுன? மறைக்காமச் சொல்லு."

சொல்லியிருக்கலாம். சாகப்போகிறவனே முன்கூட்டி வந்து கையெடுத்துத் தடுத்தும் கேட்காத பாவி நான் என்று அந்தோணியின் காலில் விழுந்திருக்கலாம். வெட்கம் வயிற்றிலிருந்து நெஞ்சுக்கும், நெஞ்சிலிருந்து வாய்க்கும் ஏறியது. வாய்க்கு வந்தபோது அது வேறாக இருந்தது.

"செவப்புதான்ணே காட்டுனேன். தொரைதான் பாக்கல. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது."

தோளிலிருந்து கை மெல்ல இறங்கியது. அந்தோணியின் காலடி மேட்டைவிட்டு இறங்கித் தேய்ந்து போயிற்று.

தோல் தொப்பிக்காரன் அவனை ஒரு பார்வை பார்த்தான். பின்பு, வழிவிடுகிறவனைப்போல ஒதுங்கி நின்றான்.

அவனுக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை நின்றிருந்தாள். சாவதற்கு முன்பே தோல் தொப்பிக்காரன் தெரிந்த அதே இருட்டில், அவள் சேலையில் இருந்த ஒட்டுத்துணிகூடத் தெரிந்தது. காலையில் இருளாயி உடுத்தியிருந்த சேலை. அந்த ஆறு மாத வயிறு இப்போது ஒட்டியிருந்தது. ஈரக் கால்கள். இடுப்பில் ஒரு குழந்தை, அவன் மூக்கு, அவன் நெற்றி.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். குழந்தை மட்டும் அவனைப் பார்த்துச் சிரித்தது.