சுண்ணாம்பு காட்டிய தழும்பு

கத்தியை இழுத்த இழுப்பில் மயிர் வழிந்து போனதும், மாட்டுத் தோலில் ரத்தினசாமியின் தழும்பு தெரிந்தது.

ஜெர்மன் சண்டைக்குப் பூட்ஸ் கேட்டுக் கப்பல் கப்பலாகத் தோல் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆம்பூர் வாடை வாணியம்பாடியிலேயே ரயிலேறி, டிக்கெட் இல்லாமல் முதல் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு துரைமார்களைக் கண்கலங்க வைக்கும். மேலே பறக்கும் காக்கை ஒரு சிறகால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு சிறகால் பறக்கும். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் மயிர் இழுக்கும் வேலை ரத்தினசாமிக்கு. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை உருண்டைக் கட்டைமேல் போர்த்தி, இரண்டு பிடி வைத்த வளைகத்தியால் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். நன்றாக ஊறிய தோலில் மயிர் வலிக்காமல், வேரோடு, பாசி மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். அதற்குப் பிறகுதான் மாடு வாழ்நாளெல்லாம் மறைத்து வைத்திருந்த காயங்கள் வெளியே தெரியும்.

தோலின் இடது முன்னங்காலில் இருந்தது அந்தத் தழும்பு. அரிவாள் போல வளைந்து, நுனியில் சின்னக் கிளை விட்டது. ரத்தினசாமியின் இடது முன்கையிலும் அதே அரிவாள், அதே கிளை. சிறு வயதில் பாலாற்று மணலில் உடைந்த புட்டிமேல் விழுந்து வாங்கியது.

"சாமுவேலு, இங்க வா. இது இன்னான்னு பாரு."

பக்கத்துக் கட்டைக்காரன் சாமுவேல் வந்தான். தோலைப் பார்த்தான், கையைப் பார்த்தான், மறுபடியும் தோலைப் பார்த்தான்.

"அட, பங்காளிங்களா! எந்தச் சந்தையில பிரிஞ்சீங்க ரெண்டு பேரும்?"

ஷாப்பே சிரித்தது. சத்தம் கேட்டு மேஸ்திரி மக்பூல் அகமது வந்து சேர்ந்தார்.

"இதுக்கா பேஜார் ஆவுற? பேரணாம்பட்டுல என் அண்ணனைத் தேள் கொட்டுச்சு. அதே நேரம் இங்க என்னையும் கொட்டுச்சு. அதே வெரலு! ரெண்டு தேளும் தந்தி அடிச்சா பேசிக்கிச்சு? காக்கா உக்காந்துச்சு, பனம்பழம் வுழுந்துச்சு. கத்தியை இழுடா."

மேஸ்திரியின் தேள் வருஷா வருஷம் வளரும். அந்த வருஷம் அது நண்டு அளவுக்கு வந்திருந்தது. எல்லோரும் தேளை நினைத்துச் சிரித்தார்கள். ரத்தினசாமியும் சிரித்தான்.

அடுத்த லோடில் வந்த தோலின் தோள்பக்கம், சதுரத்துக்கு மூலை வைத்தாற்போல நான்கு வட்டக் குழிகள். சாமுவேல் ரத்தினசாமியின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டான். அம்மை குத்திய தழும்புகள், அதே மூலைகளில்.

"மாட்டுக்கு எந்தக் கம்பவுண்டர்டா அம்மை குத்துனான்?" என்று தொடங்கிய சாமுவேலின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

மூன்றாவது தோலில் வலது முன்குளம்புக்குச் சற்று மேலே வட்டமாக ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. ரத்தினசாமி தன் வலது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. "எனக்கு இல்ல! எனக்கு இல்லடா!" என்று கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஷாப்பு முழுக்க ஓடினான். எல்லோருக்கும் சுண்டல் வாங்கிக் கொடுத்தான்.

அன்று சாயங்காலம், நிறைமாதமாக இருந்த அவன் மனைவி அமிர்தவள்ளி அடுப்படியில் தடுமாற, அவள்மேல் சாயப்போன உலைப்பானையை அவன் கையால் தாங்கினான். வலது மணிக்கட்டில் பானையின் விளிம்பு வட்டமாகப் பதிந்தது.

"ஏன்யா, கை வெந்துபோய்க் கெடக்குது, கத்தாம அதையே பாத்துக்கினு நிக்கிற?"

இதுவரை நடந்ததைத்தான் தோல் சொல்லியது. இனி நடக்கப்போவதையும் சொல்கிறது.

மயிர் இழுக்கிற எவனுக்கும் தெரிந்த ஒன்று உண்டு. தழும்பு ஆறியிருந்தால், காயம் பட்ட பிறகும் மாடு உயிரோடு இருந்திருக்கிறது. ஓரம் சொரசொரவென்று ஆறாமல் இருந்தால், அது கசாப்புக் கத்தி பட்ட இடம். விரலால் தடவினாலே சொல்லிவிடலாம். இதுவரை வந்தவை எல்லாம் ஆறிய தழும்புகள். ஆறாதது ஒன்று, அதுவும் கழுத்தில், வந்தால்?

மேஸ்திரியின் காலைப் பிடித்து, தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டான். பட்டைத் தூளில் தும்மினாலும் நிம்மதியாகத் தும்மினான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பாயைச் சுருட்டிய அமிர்தவள்ளி முணுமுணுத்தாள்: "பாயெல்லாம் உன் முடி. எண்ணெ வெச்சாத்தானே." அவளுக்கு இன்றோ நாளையோ என்றிருந்தது. வலியெடுத்தால் சொல்லியனுப்பச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

உச்சிப்பொழுதில் சாமுவேல் கொட்டகை வாசலில் வந்து நின்றான்.

"ரத்தினம், உன் கட்டைமேல ஒரு தோலு போட்டேன். அருவா, அம்மை, சூடு, எல்லாம் அதுல இருக்குது. ஒரே தோலுல. அதது எடத்துல."

"கழுத்து?"

"அங்க இன்னும் மயிர் இழுக்கல. அடியில ஒரு கோடு தெரியுது. நான் தொடல. நான் வூட்டுக்குப் போறேன், நீயும் உன் வூட்டுக்குப் போயிடு."

போயிருக்கலாம். ஆனால் கோடு ஆறியதா ஆறாததா என்று தெரியாமல் எந்த வீட்டுக்குப் போவது? ஆறியிருந்தால் பிள்ளை முகத்தைப் பார்த்துவிடலாம். அது ஒன்று தெரிந்தால் போதும்.

முதலாளியும் மேஸ்திரியும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள், மற்றவர்கள் வெளியே புளியமரத்தடியில் சோற்று மூட்டையை அவிழ்த்திருந்தார்கள், சந்தை இரைச்சல் ஓயாத அந்த ஷாப்பில் இப்போது குழிகளில் சுண்ணாம்புத் தண்ணீர் மெல்லக் குமிழ்விட்டு உடைகிற சத்தமும், ஓட்டுப் பொத்தல்களிலிருந்து தூண் தூணாக இறங்கிய வெயிலில் ஈக்கள் சுற்றுகிற சத்தமும், நனைந்த தோல்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து பெருமூச்சு விடுகிற சத்தமும்தான் இருந்தன. அவன் கட்டைமேல் அந்தத் தோல் குப்புறப் படுத்திருந்தது. களைத்துப்போன ஆள் படுப்பதுபோல.

அரிவாள் இருந்தது. நான்கு குழிகள் இருந்தன. வட்டமும் இருந்தது, இன்னும் முழுசாக ஆறாமல், அவன் மணிக்கட்டில் இருப்பதைப் போலவே.

கழுத்தில் மயிருக்கடியில் ஒரு கோடு, காதிலிருந்து காது வரை.

கத்தியை எடுத்தான். பிடி வழுக்கியது. இழுத்தான். மயிர் வழிந்தது. மறுபடி இழுத்தான். கட்டைவிரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தடவினான்.

வழுவழுவென்று இருந்தது. கண்ணைத் திறந்தான். வெட்டும் இல்லை, தழும்பும் இல்லை. தோல் மடிந்ததில் விழுந்த சுருக்கம். விரல் பட்டதும் அதுவும் நீங்கிப்போனது.

"காக்கா!" என்று வாய்விட்டுச் சிரித்தான். "காக்காதான்! பனம்பழம்தான்!"

கத்தியைக் கட்டைமேல் வைத்தான். வெளிச்சம் பார்க்க வாசல் பக்கம் திரும்பி, நெஞ்சில் வழிந்த வியர்வையை உள்ளங்கையால் துடைத்தான்.

கை நிறைய மயிர் வந்தது.

வலிக்கவில்லை. வேரோடு வந்திருந்தது. பாசி மாதிரி.

முன்கையைத் தேய்த்தான். வழிந்தது. தலையில் கை வைத்தான். வழுக்கிக்கொண்டு தோளில் விழுந்தது. புருவம். மீசை. சுண்ணாம்பு வாடை. குழியிலிருந்து இல்லை. அவன் மேலிருந்து.

வெளியே புளியமரத்தடியில் யாரோ கூப்பிட்டார்கள். "ரத்தினம்! உன் வூட்லேர்ந்து ஆளு வந்துகீது! புள்ள பொறந்துடுச்சாம்!"

வாசலை நோக்கி ஓரடி வைத்தான்.

பின்னால் கட்டையிலிருந்து ஈரமாக ஏதோ இறங்கியது. சொத். சொத். மண் தரையில். நிதானமாக.

யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல, கத்தியின் இரண்டு பிடிகளும் கிரீச்சிட்டன.

திரும்ப முடியவில்லை. குளிர்ந்த, நனைந்த ஒன்று அவன் கழுத்தில் பட்டது. இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை மெல்லத் தடவிப் பார்த்தது. ஆறியதா ஆறாததா என்று பார்க்கிற தொழில்காரனின் கட்டைவிரலைப் போல.