இசைவுமானி

திறப்பகத்துக்குப் போகிற அன்று காலையில் காப்பி குடிக்கக் கூடாது, நாடி ஏறிவிடும். செய்தி கேட்கக் கூடாது. மாமியாரோடு பேசக் கூடாது. முதல் இரண்டும் கோகிலவாணிக்குப் பழகிவிட்டன. மூன்றாவதுதான் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆகிற காரியமாக இல்லை. மாமியார் சம்பூர்ணம் சமையலறை வாசலை மறித்து நின்று, இன்றைக்காவது மனசை ஒருநிலையில் வைத்துக்கொள் என்றாள். மனசு நாலு பக்கமும் ஓட அந்த ஒரு வார்த்தை போதாதா?

திருப்பூரில் எல்லாருக்கும் தாழ் உண்டு. பதினெட்டு வயது முடிந்ததும் பெண்ணுக்கு மேல்கையில், தோலுக்கடியில், தீக்குச்சி அளவில் ஒன்றை வைப்பார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக ஹார்மோனைக் கசியவிட்டுக் கருமுட்டை வெளிவராமல் நிறுத்தும். கருப்பை வாயின் சளியைக் கெட்டியாக்கி விந்தணுவையும் மறிக்கும். ஆணுக்கு விந்துக்குழாயில் பசையடைப்பு. மாத்திரை போட மறந்துபோச்சு, ஆணுறை கிழிந்துபோச்சு, காப்பர்-டி நழுவிப்போச்சு என்ற பழைய புலம்பலெல்லாம் ஒழிந்து வெகுகாலமாயிற்று.

பிள்ளை வேண்டும் என்கிறவர்கள் ஜோடியாகத் திறப்பகத்துக்குப் போய் இசைவுமானியின் முன் உட்கார வேண்டும். மணிக்கட்டில் பட்டையைக் கட்டுவார்கள். அது நாடியையும் வியர்வையையும் ரத்தத்தில் ஓடுகிற சுரப்புகளையும் படிக்கும். இருவருக்கும் உள்ளபடியே சம்மதம் என்றால் பச்சை விளக்கு எரியும், இரண்டு தாழையும் திறப்பார்கள். இல்லையென்றால் சிவப்பு. யாருக்குச் சம்மதமில்லை என்பதை மட்டும் சொல்லாது. சொன்னால் சம்மதமில்லாத பெண்ணை வீட்டில் பிய்த்துத் தின்றுவிடுவார்கள் என்று சட்டம் எழுதியவர்கள் அஞ்சினார்கள். ஊர்வாய்க்குப் பயந்து பெண்கள் பிள்ளை பெற்ற காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடியும் என்று அவர்கள் கண்டார்களா?

அன்றைக்கும் சிவப்புதான். கோகிலவாணியின் கணவன் தரணீதரன் பட்டையை அவிழ்த்து வைத்துவிட்டு வண்டியை எடுக்கப் போனான். அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

குழந்தை உடுப்பு ஏற்றுமதி செய்கிற ஆலையில் அவளுக்கு வேலை. உள்ளங்கை அகலமுள்ள பனியன்களை விளக்கில் பிடித்து ஓட்டை பார்ப்பாள். பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கினால் அது அம்மாவைத் தேடி வீறிடுகிறவரை கீழே விடமாட்டாள். அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் இயந்திரம் இல்லை என்றது. ஆக, பொய் சொல்வது தரணிதான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அவன் என்ன முடிவு கட்டியிருந்தான் என்பதை அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

திறப்பகத்து டாக்டர் ஜமுனா கதவைச் சாத்திவிட்டு அவளிடம் வந்தார். இதைச் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது, ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை என்றார்.

"இது ஆசைய அளக்கறதில்லீங்க அம்மணி. ஆசைய அளக்க இன்னும் ஒண்ணும் கண்டுபிடிக்கலை. பயத்தத்தான் அளக்குது. பயந்தா, ஆரோ கட்டாயப்படுத்திக் கூட்டியாந்திருக்காங்கன்னு எடுத்துக்கும்."

"நான் பயந்தது திறக்காமப் போயிருமோன்னுதானுங்க."

"அது அதுக்குத் தெரியாதுங்களே."

உயிரை விட்டு ஆசைப்படுகிறவர்களுக்குச் சிவப்பு விழுகிறது. வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்று சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறவர்களுக்கு முதல் தடவையிலேயே பச்சை. மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம், கட்டாயப் பிரசவம் ஒன்றுகூட இல்லை என்று காட்ட இதைவிட நல்ல கருவி இல்லை என்று பதில் வந்தது என்றார் டாக்டர். மனத்தை அமர்த்த மாத்திரை போட்டுக்கொண்டு வந்தால் ரத்தத்தில் தெரிந்துவிடும். அதற்கும் சிவப்புதான்.

பயப்படாதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளச் சொல்லிக்கொள்ளப் பயம் கூடியது. குரங்கை நினைக்காமல் மருந்து குடித்தவன் கதைதான். மூச்சுப் பயிற்சி செய்தாள். கோயில் கோயிலாக உட்கார்ந்து பார்த்தாள். பட்டை மணிக்கட்டில் பட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மறுபடி சிவப்பு, அதற்கடுத்தும் சிவப்பு. மருமகள் மனசில் வேறு யாரோ இருக்கிறான் என்று சம்பூர்ணம் உறவுக்குள் பேசத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றைப் பிசைந்தபடியே தரணி நிமிராமல் கேட்டான்.

"உனக்கு வேண்டாம்னா எங்கிட்டச் சொல்லிப்போடு கோகிலா. நான் ஆருகிட்டயும் சொல்லமாட்டேன்."

கோபத்தில் கேட்கவில்லை. அன்பாகத்தான் கேட்டான். அதுதான் அவளை உடைத்தது. டாக்டர் சொன்னதை அவள் சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, சரி என்றான். நம்பவில்லை என்பது அந்தச் சரியிலேயே தெரிந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவனும் இயந்திரத்தின் பக்கம்தான். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு அழலாம் என்று குளியலறைக்குள் போனாள். அழுகை வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

அதன்பிறகு ஆலையில் சின்னப் பனியன் வெறும் துணியாகத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ்ந்து வந்து காலைப் பிடித்தால், மெல்ல விலக்கிவிட்டு நடந்தாள். வெறுப்பில்லை. ஒன்றுமே இல்லை. அடுத்த முறைக்கு நாள் வாங்கியிருந்ததால் போனாள். காப்பிகூடக் குடித்துவிட்டுத்தான் போனாள்.

பச்சை எரிந்தது.

தரணி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். உன்னைச் சந்தேகப்பட்டேனே, என்னை மன்னித்துவிடு என்றான். அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று கைப்பேசியோடு வராந்தாவுக்கு ஓடினான். கோகிலவாணி விளக்கைப் பார்த்தாள். இந்த ஒரு கணத்தை எத்தனை விதமாகக் கற்பனை செய்திருப்பாள். அந்தச் சந்தோஷம் எங்காவது ஒரு மூலையில் கிடக்கிறதா என்று தனக்குள் துழாவினாள். கிடைக்கவில்லை.

டாக்டர் ஜமுனா விளக்கைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திறப்பதற்கு முன் பெண்ணிடம் தனியாக, வாயாலும் ஒருமுறை கேட்க வேண்டும் என்பது சட்டம். வேண்டாமென்றால் காரணம் சொல்லத் தேவையில்லை.

"அம்மணி, இப்ப வேண்டாம்னாலும் வேண்டாம்தான். பச்சை தப்பா எரிஞ்சுபோச்சுன்னு வெளிய நான் சொல்லிக்கறேன். திறக்கட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்வதற்கும் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.

"எப்பிடின்னாலும் சரிங்க" என்றாள் கோகிலவாணி.

சட்டப்படி அது சம்மதம். டாக்டர் பொத்தானை அழுத்தினார்.