நான்காவது கம்பெனி

காலை 10.20. ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்காக ஆறு மாதம் உழைத்துப் போட்ட வரைபடங்களைப் போட்டி நிறுவனம் முந்தின நாளே ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் தன் பெயரில் கொடுத்துவிட்டிருந்தது. ஆர்க்கிடெக்ட் குட்டி போட்ட பூனையாய் அறைக்குள் சுற்றி வந்தார். பார்த்துப் பார்த்து இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"புகாரை இவ பேர்ல எழுதிக்குங்க மேடம்."

சுவரோரம் நின்ற, அவரிடம் படம் வரையும் வரைவாளப் பெண் நிமிரவில்லை. எட்டு வருட வேலை மதியத்துக்குள் போய்விடும். அதுவும் திருடி என்ற பட்டத்தோடு.

"ஏன் இவங்க?"

"எங்க பாஸ்வேர்டு எல்லாம் பாஸ்வேர்டு மேனேஜர்னு ஒரு ஆப்ல பூட்டி வெச்சிருக்கு. அதைத் திறக்கிற மாஸ்டர் பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். இவ பக்கத்து சீட்டு. எட்டிப் பார்த்திருப்பா."

"பார்க்கலைங்க," என்றாள் அவள்.

கம்ப்யூட்டரில் பூட்டு உடைபடவில்லை, சரியான பாஸ்வேர்டு என்ற சாவியோடுதான் யாரோ புகுந்திருக்கிறார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடமோ என்று இன்ஸ்பெக்டருக்கு எரிச்சலாக இருந்தது.

"அந்த ஆப்பைத் தேர்ந்தெடுத்தது யாரு?"

"என் மச்சான்."

சோபாவில் காபியோடு இருந்த மச்சான் சிரித்தார். "நாலு கம்பெனியை அலசினேன் மேடம். மூணு பேரு, மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தா எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு கையை விரிச்சுட்டாங்க. இது ஒண்ணுதான் மனுஷத்தன்மையா இருந்துச்சு."

"நிஜம்தான்," என்றார் ஆர்க்கிடெக்ட். "போன வாரம் மறந்துட்டேன். கேட்ட ரெண்டே நிமிஷத்துல என் பாஸ்வேர்டை அப்படியே அனுப்பிட்டாங்க."

10.34. இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

"இப்பவும் மறந்துட்டேன்னு கேளுங்க சார்."

ஆர்க்கிடெக்ட் நடந்தபடியே தன் போனில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்ற பொத்தானை அழுத்தினார். மச்சானின் சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. காபி அவர் தொடையில் சிந்தியது. போனை எடுத்தவர் இன்ஸ்பெக்டர்தான். திரையில் ஆர்க்கிடெக்டின் கோரிக்கை பதிலுக்குக் காத்திருந்தது.

"கையை விரிச்ச மூணு பேரும்தான் சார் நம்பிக்கையானவங்க. உங்க சாவி அவங்ககிட்டயே கிடையாது, அதான் தர முடியலை. கேட்டதும் எடுத்துக் குடுக்கிறான்னா, அவன்கிட்ட இன்னொரு சாவி இருக்குன்னுதானே அர்த்தம்? நாலாவது கம்பெனியே உங்க மச்சான்தான். அந்தச் சாவியால திறந்துதான் வரைபடத்தைப் போட்டிக்காரங்களுக்குக் குடுத்திருக்கார். வேலியே பயிரை மேஞ்சிருக்கு."

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா," என்றார் மச்சான்.

ஆர்க்கிடெக்ட் முதல்முறையாக நடப்பதை நிறுத்தினார். வரைவாளப் பெண்ணின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. "மன்னிச்சுடும்மா. போய் வேலையைப் பாரு."

"எட்டு வருஷம் பக்கத்துல உக்காந்திருந்தேன் சார். என்னை நம்புறதுக்கு உங்களுக்குப் போலீஸ் வர வேண்டியிருந்துச்சு."

அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். இன்ஸ்பெக்டர் ஒதுங்கி வழிவிட்டார்.