இடது தோள்

வள்ளியம்மைக்கு அன்று யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்தது. பாவம், அகப்பட்டவர் ஸ்கேன் டாக்டர்.

சீட்டில் வலது தோள் என்று இருக்க, மனுஷன் ஜில்லென்ற களிம்பை இடது தோளில் தடவினார். "கண்ணைப் பொடனியில வச்சிருக்காரு..." என்று தமிழில் முணுமுணுத்தாள். டெல்லியில் யாருக்குப் புரியப்போகிறது?

"நல்ல தோளை முதல்ல பாத்தாத்தாங்க கெட்டது தெரியும்," என்றார் அவர், அழகான தமிழில்.

நாக்கைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். டாக்டர் மாணிக்கவாசகத்தின் கண்கள்... தூங்கி எத்தனை நாளாயிற்றோ!

அவள் மட்டும் என்ன? அரசாங்க ஆபீஸில் ஒன்பது வருஷமாக டைப் அடிக்கிறாள். கை தூக்க முடியவில்லை என்றால் அங்கே வேலைக்கள்ளி என்கிறார்கள். கரோல் பாக் வீட்டில் அண்ணிக்கு அது அடுப்படிக்கு வராததற்கு ஒரு சாக்கு. எக்ஸ்ரேயிலும் தெளிவாக ஒன்றும் விழவில்லை. நாம் நடிக்கத்தான் செய்கிறோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வலது தோளுக்கு வந்ததும் டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். தசைநாரில் வெள்ளையாக ஒரு திட்டு, அதன் கீழே கறுப்பாய் நிழல்.

"சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. இதை வச்சுக்கிட்டு எப்படிங்க தாங்கினீங்க?"

வலி தொடங்கிய இந்த இரண்டு வருஷத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள்... பொலபொலவென்று அழுதுவிட்டாள். வெளியே மழை. ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடட்டுமா என்றார். பரிதாபம் எல்லாம் வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நடந்தாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

எலும்பு டாக்டரின் ஊசி, ஓய்வு, பயிற்சி என்று மூன்று மாதம் ஓடிற்று. மறுபடி அதே கட்டில், அதே களைத்த கண்கள். இந்தத் தடவை வலது தோளையே முதலில் பார்த்தார். திட்டு கரைந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டியவருக்கு முகம் வாடிப்போயிற்று. பேனாவைத் திறந்தார், மூடினார்.

இனிமேல் இங்கே வர ஒரு காரணமும் இல்லை. அவளும் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"இடது தோளைப் பாக்கலையே, டாக்டர்?"

"பாத்துட்டா வேலை முடிஞ்சிடும்..." அவர் தலை நிமிரவில்லை. "நீங்க போயிடுவீங்க. இந்த மூணு மாசமா கதவு திறக்கும்போதெல்லாம் நீங்கதானோன்னு பாத்துப் பாத்து... அலுத்துப்போச்சுங்க."

வள்ளியம்மை முந்தானையை இடது தோளில் நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் காய்ந்தது.

"அப்ப அது இருக்கட்டும்," என்றாள் மெதுவாக. "மழை இல்லாட்டாலும் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடுவீங்களா?"