வெட்டுப்படாத லேபிள்

கடைக்காரர் வந்தபோது காலை பத்து மணி. குடையை மடக்கக்கூட மறந்து உள்ளே நுழைந்து, கையிலிருந்த கம்பளிக் கோட்டை மேசைமேல் போட்டார்.

"இதைப் பாருங்க சார். கழுத்துல லேபிள் முழுசா இருக்கு. என் பொழைப்பே போகப்போகுது."

எதிரில் இருந்தவர் முப்பது வருஷம் ஆலையில் துணியின் குறைகளைக் கண்டுபிடித்தவர். ஓய்வுக்குப் பிறகு மனிதர்களின் குறைகளையும் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். தலை போகிற காரியமென்றாலும் காபி ஆறிவிடப் போகிறதே என்று கவலைப்படுகிறவர். ஆகவே எல்லோருக்கும் அவர் 'நிதானம்'. பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி. வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு ஒன்றரை வருஷமாக அங்கேயே சாப்பிடும் மச்சான். துப்பறிவதில் மட்டும் முந்திரிக்கொட்டை.

கடைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். சீசன் முடிந்து தேங்கிய உடுப்பு, ஆர்டர் ரத்தான போர்வை, பெட்டி நசுங்கிய வாணலி, ஜோடி குறைந்த கோப்பை என்று பெரிய கம்பெனிகள் கழித்துவிடுவதை மொத்தமாக வாங்கிப் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்பது அவர் தொழில். உடுப்பு விஷயத்தில் கம்பெனிக்காரர்கள் ஒரு நிபந்தனை போடுவார்கள். விற்கும் முன் கழுத்து லேபிளைக் குறுக்கே கத்தரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இங்கே மலிவாக வாங்கியவன், அவர்களுடைய ஷோரூமுக்கே போய் முழு விலைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவான். போன வாரம் இந்தக் கோட்டு அந்த ஷோரூமுக்குப் போயிருக்கிறது. உள்பையில் இருந்த எண்ணை வைத்து, இது இவருக்கு விற்ற சரக்கு என்று பிடித்து, கோட்டை இவரிடமே அனுப்பிவிட்டார்கள்.

"நாளைக்குள்ள பதில் சொல்லலைன்னா இனிமே சரக்கே கிடையாதாம்."

"லேபிள் வெட்டுறது யாரு?"

கடைக்காரர் சட்டையின் மூன்றாவது பொத்தானைத் திருகினார். "என் கொழுந்தியா. பன்னிரண்டு வருஷமா அவதான். நேத்து எல்லார் முன்னாடியும் 'திருடி'ன்னு சொல்லி அனுப்பிட்டேன். கோட்டைத் தடவிப் பாத்தா. வாயே திறக்காம போயிட்டா."

"வாயைத் திறக்கலைன்னா ஒத்துக்கிட்ட மாதிரிதானே அத்தான்!" என்று துள்ளினார் மச்சான்.

"முதல்ல காபியைக் குடி."

நிதானம் கோட்டின் கழுத்தைப் புரட்டினார். லேபிளுக்கு அடியில் விரலை ஓட்டினார். பிறகு கோட்டோடு குத்தியிருந்த ஷோரூம் சீட்டைப் படித்தார். 'ஒரு சைஸ் பெரியது கேட்டார். பில் இல்லை' என்று எழுதியிருந்தது. எழுந்து செருப்பை மாட்டினார்.

கடையின் பின்பக்கத்தில் கிடங்கு. அதன் பொறுப்பாளருக்குப் 'பூட்டு' என்று பெயர். குளிக்கும்போதும் சாவியைக் கழற்றமாட்டார் என்று கேலி செய்வார்கள். மச்சான் அவரை முறைத்துப் பார்த்தார்.

"வெட்டாத சரக்கு எல்லாம் உள்ள. சாவி என் இடுப்புல," என்றார் பூட்டு. "வேணும்னா சோதிச்சுக்குங்க."

"தனி லேபிள் ஏதாவது வருமா?"

"கடைசிப் பெட்டியோட உபரி லேபிள் ஒரு பொட்டலம் வரும். எரிச்சுடணும். எரிக்கிறதுக்கு முதலாளியே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவார்."

அங்கிருந்து கொழுந்தியாளின் வீட்டுக்குப் போனார்கள். ஒற்றை அறை. கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. தோழி ஒருத்தி வேறு ஊரில் தையல் கடை வைத்திருக்கிறாளாம், கூப்பிட்டிருக்கிறாளாம். கோட்டை நீட்டியதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதைப் பத்தி நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார்."

"உங்க பேரு கெட்டுப்போச்சேம்மா."

"கெட்டதை நான்தானே சுமக்கிறேன்." அவள் கண் நிறைந்துவிட்டது. மச்சானுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மத்தியானம் எல்லோரையும் கடையின் பின்னறைக்கு வரச் சொன்னார் நிதானம். பூட்டு கதவோரம் நின்றார். கொழுந்தியாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் வந்தாள். சாப்பாட்டுக் கூடையோடு வந்திருந்த கடைக்காரரின் மனைவியையும் உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காராமல் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஒரு நிமிஷம்மா, நான் முடிச்சுக்கறேன்," என்றார் நிதானம். "கிடங்குல இருக்கிற கோட்டுல எல்லாம் லேபிள் மெஷின் தையல். இதுல கைத்தையல். லேபிளுக்கு அடியில துணியில ஒரு சின்னக் கீறல். அப்படின்னா கத்திரி பட்டிருக்கு. பழைய லேபிளை ஒழுங்காத்தான் வெட்டியிருக்காங்க. அதுக்கப்புறம்தான் யாரோ புதுசா ஒண்ணு வெச்சுத் தைச்சிருக்காங்க."

"திருப்பிக் குடுத்துக் காசு பாக்கத்தானே?" என்றார் மச்சான்.

"காசு பாக்க வந்தவன் பணத்தைத்தான் கேப்பான். இவர் பெரிய சைஸ் கேட்டிருக்கார். கோட்டு அவருக்குப் பரிசா வந்திருக்கணும், அது கடையில வாங்கினதுன்னே நம்பியிருக்கணும். உபரி லேபிள் போற இடம் ஒரே ஒரு வீடு." அவர் கடைக்காரரைப் பார்த்தார். "உங்க சட்டையில மூணாவது பொத்தானை யார் தைச்சாங்க? நூலைக் குறுக்கா ரெண்டு தரம் போட்டு, முடிச்சை மேல் பக்கமே விட்டிருக்கு. இந்த லேபிளோட நாலு மூலையிலும் அதே முடிச்சு."

கடைக்காரர் குனிந்து தன் பொத்தானைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"சம்பந்திக்கு," என்று அழுதார் அந்த அம்மாள். "நம்ம பொண்ணோட மாமனாருக்கு. லேபிளை வெட்டின கோட்டைக் குடுத்தா, மிச்சக் கடை சரக்கைக் கட்டி அனுப்பிட்டாங்கன்னு பொண்ணைக் குத்திக் காட்டுவாங்களேன்னு பயந்தேன். அவர் சைஸ் மாத்தப் போவார்னு கனவா கண்டேன்?"

"நேத்தே சொல்லியிருக்கலாமேடி! இவளை நான் என்ன பேச்சுப் பேசினேன்!"

"சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் போயிடுமேன்னு..."

கொழுந்தியாள் எழுந்தாள். "எனக்கு நேத்தே தெரியும். அம்மா சொல்லிக் குடுத்த முடிச்சு, தொட்டதும் தெரியாதா? மாமா திட்டினப்ப நீ இதே கூடையோட வாசல்ல நின்னே அக்கா. இப்ப சொல்லுவே, இப்ப சொல்லுவேன்னு உன் வாயையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"இன்னைக்குச் சொல்லத்தான்டி வந்தேன்! சத்தியமா! வாயெடுத்தேனே, எல்லாரும் பாத்தாங்களே!"

"சொல்லியிருப்பியா?" கொழுந்தியாள் அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இனிமே அது எனக்குத் தெரியவே தெரியாதுக்கா."

கடைக்காரர் கைகூப்பினார். நாளையிலிருந்து வரச் சொன்னார், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். "என் கத்திரி தவறலைன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுங்க மாமா, போதும்," என்றாள் அவள். அழுகிற அக்காவின் தோளை ஒரு முறை தொட்டுவிட்டுப் படியிறங்கினாள். சாயங்கால வண்டிக்கு அவளிடம் டிக்கெட் இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் மச்சான் பொத்தானைப் பற்றியே வியந்துகொண்டு வந்தார். "அந்த அம்மா தானா ஒத்துக்கற ஜாதியே இல்ல அத்தான். நீங்க பிடிச்சீங்க, மாட்டிக்கிட்டாங்க!"

நிதானம் நின்றுவிட்டார். "வாயெடுத்தாங்கடா. நான்தான் ஒரு நிமிஷம் இருங்கன்னு சொன்னேன்."