அம்மன் கவசமும் தனுஜாவின் சால்வையும்

தெய்வத்தின் சொத்தில் கை வைத்தவன் வம்சம் ஏழு தலைமுறைக்குத் துளிர்க்காது என்று, வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்கு, தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப் பிரிவு முத்துமாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி மலைக்கு மலை அறிவித்தது. குரல் கோயில் கமிட்டித் தலைவர் அழகுமுத்துவுடையது. மூன்று லயத்து வரிசை வீடுகளின் ஆட்களும் வாசலுக்கு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அறிவித்து முடித்தவர் ஒலிபெருக்கியை அணைக்க மறந்துபோனார். "சீனி கொஞ்சம் தூக்கலாப் போட்டு ஒரு ப்ளேன்டி" என்று அவர் கேட்டதும் அதே கம்பீரத்தோடு றொசல்ல ரயில் ஸ்டேஷன் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

களவு போனது அம்மனின் புது வெள்ளிக் கவசம். கழுத்திலிருந்து இடுப்பு வரை, மார்பு எடுப்பாக, கண்டியில் சொல்லிச் செய்தது. "நம்ம அம்பாளுக்கு ஒரு எடுப்பு இல்லையே" என்று தலைவர் போன வருடமே கூட்டம் போட்டு வருத்தப்பட்டிருந்தார். கமிட்டியும் ஏகமனதாக வருத்தப்பட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கவசம் சாத்தும் விழாவுக்குப் பெரிய இடத்து ஆள் ஒருவர் வருவதாக ஏற்பாடு. நோட்டீஸில் அம்மன் படத்தைவிடத் தலைவர் படம் ஒரு விரல் பெரிது.

எட்டு முப்பதுக்கு சார்ஜன்ட் ஜீவராணி வந்து இறங்கினாள். பொலிஸ் ஸ்டேஷனில் தமிழ் பேசும் பெண் அவள் ஒருத்திதான். பகல் பன்னிரண்டுக்குள் முடித்துவிட்டு வா என்று ஸ்டேஷன் பொறுப்பதிகாரி சிங்களத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்.

கருவறைக்குப் பக்கத்தில் சாமான் அறை. ஒரே கதவு, ஒரே பூட்டு. தரையில் தகரப்பெட்டி ஒன்று வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளே சிவப்புத் துணி மட்டும்.

"பெட்டி எங்க இருந்துச்சு?"

"பரண்ல." தலைவர் மேலே காட்டினார்.

ஜீவராணி பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினாள். குதிகாலைத் தூக்கி, இரண்டு கையையும் தலைக்கு மேலே முழுசாக நீட்டியபோதுதான் பரணின் விளிம்பைத் தொட முடிந்தது. பெட்டி இருந்த இடம் தூசியில் சதுரமாகத் தெரிந்தது. இறங்கிச் சீருடையைத் தட்டிக்கொண்டாள்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"நேத்து பன்னண்டு மணிக்கு. பூசாரியும் கூட இருந்தாரு."

"அதுக்குப் பிறகு உள்ள போனது?"

தலைவர் குரலைத் தாழ்த்தினார். குற்றம் சாட்டும்போது தாழ்த்த வேண்டும் என்பது அவர் தொழிற்சங்கத்தில் இருந்த காலத்துப் பழக்கம். "தனுஜா. ரெண்டு மணில இருந்து நாலு மணி வரைக்கும். அம்மன் சேலைக்கு முத்து தச்சிச்சு. தனியா. நாலு மணிக்குச் சாவிய ஏங்கிட்ட குடுத்துட்டுப் போச்சு. நாங்க யாரையும் சொல்லலீங்க மிஸ். பாத்தவங்க சொல்றாங்க."

பார்த்தவள் ராக்காயி. பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த வழியில் பார்த்தாளாம். கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"சால்வைய இறுக்கிப் போத்திக்கிட்டு வர்றா தாயி! முன்னுக்கு இப்பிடித் தூக்கிக்கிட்டு நிக்குது! எங்களுக்குத் தெரியாதா, அவ சின்னப் புள்ளையில இருந்து பலக மாதிரி. ஸ்கூல்லயே பலகன்னுதான் பேரு. ஒரே நாள்ல எங்கேருந்து வரும்? அம்பாள் கவசத்த மாட்டிக்கிட்டே வெளிய வந்துட்டா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. தகரப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அவ வீட்டுக்குப் போனீங்களா?"

"நாலு பொம்பளைங்க போனோம். சால்வைய எடுடின்னோம். செத்தாலும் எடுக்க மாட்டேன்னுட்டா. புடிச்சி இழுத்தேன், கத்துனா பாருங்க ஒரு கத்து! குத்தம் இல்லாதவ ஏன் கத்தணும்?"

ஒன்பது நாற்பது. இரண்டாம் லயத்தில் கடைசிக் காம்பிரா, ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்தது தனுஜாவின் சித்தி நாகலெட்சுமி. கையில் சீப்பு. உள்ளே கட்டிலில், சுவரோடு அடுக்கிய மூன்று தலையணையில் சாய்ந்து தனுஜா உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொரு வயது. ஹட்டனில் கல்யாண ப்ளவுஸ் தைக்கும் கடையில் ஒன்பது வருடமாக வேலை. பாதித் தலை பின்னியிருந்தது, மீதி பிரிந்து கிடந்தது. முன்னால் பொத்தான் வைத்த கவுன். அதன் மேல் சால்வை.

"லீவா?"

"ஒப்பரேஷன் மிஸ். கொழும்புல. ஹேர்னியா."

"எந்தப் பக்கம்?"

தனுஜா சித்தியைப் பார்த்தாள். சித்தி சீப்பைப் பார்த்தாள்.

தலைமாட்டுச் சுவர்த் தட்டில் மருந்துப் பை இருந்தது. கொஞ்சம் எட்டினால் எடுக்கலாம். ஜீவராணி அதைக் கேட்டதும், அடுப்படிப் பக்கம் போன சித்தி அவசரமாகத் திரும்பி வந்து எடுத்துக் கொடுத்தாள். தனுஜாவின் முழங்கைகள் விலாவோடு ஒட்டியே இருந்தன.

"நீங்க ஒரு தேத்தண்ணி ஊத்துங்க அக்கா" என்று ஜீவராணி சித்தியை அனுப்பிவைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "கைய மேல தூக்குங்க பாப்போம்."

தனுஜா தூக்கினாள். தோள்வரை வந்தது. அங்கே நின்றது. முகம் வெளுத்து, கண் நிறைந்தது.

"எத்தனை நாள்?"

"இருபத்தி மூணு." தனுஜா சால்வையை இறுக்கிக்கொண்டாள். "எப்பிடித் தெரிஞ்சிச்சு?"

"வயித்துல கத்தி பட்டவங்க தலை பின்ன ஆள் தேடமாட்டாங்க. நெஞ்சுல பட்டவங்கதான் தேடுவாங்க."

தனுஜா சிரிக்கப் பார்த்தாள். சிரித்தால் வலிக்கும் போலிருந்தது, நிறுத்திக்கொண்டாள். கேட்காமலே சொன்னாள்.

"ஒன்பது வருஷமா ஊர்ல உள்ளவங்க அளவெல்லாம் டேப் புடிச்சி எழுதுறேன் மிஸ். முப்பத்தி நாலு, முப்பத்தி ஆறு. ஒவ்வொரு தடவ எழுதும்போதும் என் அளவு ஞாபகம் வரும். தலவாக்கலையில இருந்து பொண்ணு பாக்க வந்தாங்க. ‘புள்ள நல்ல புள்ளதான், ஆனா’ன்னு மாப்பிள்ளையோட அக்கா சொல்லிட்டு, அந்த ‘ஆனா’வ முடிக்காமலே தேத்தண்ணி குடிச்சாங்க. அதுக்காகச் செய்யல. அது முடிஞ்சி ரெண்டு வருஷம் யோசிச்சேன். கொழும்புக்குப் போய்க் கேட்டுட்டு, பயந்து திரும்பி வந்தேன். மறுபடி போனேன். யாரும் வற்புறுத்துறாங்களான்னு டொக்டர் கேட்டாரு. அழுதுட்டேன். இது உனக்கு வேணுமான்னு என்கிட்ட அதுவரைக்கும் யாருமே எதையுமே கேட்டதில்ல."

"இப்ப?"

"கட்டுப் பிரிச்ச அன்னிக்கு வேற யாரோட உடம்போ மாதிரி இருந்துச்சு. மல்லாந்துதான் படுக்கணும். ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாசத்துக்கு, எதையும் தூக்கக் கூடாது, கைய மேல கொண்டு போகக் கூடாது. இடது பக்கம் இன்னும் மரத்துத்தான் கிடக்கு. நேத்துத்தான் முதல் தடவ வீக்கம் வத்தி, கண்ணாடில பாத்தப்ப... நல்லா இருந்துச்சு மிஸ். அந்தச் சந்தோஷத்துலதான் சித்தி வேணாம்னு சொல்லச் சொல்ல முத்து தைக்கப் போனேன். காலையில அவங்க இழுத்ததுல என்ன ஆச்சோ தெரியல."

தேத்தண்ணி வந்தது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

"இத எழுதிராதீங்க. களவாணின்னு வேணா எழுதிக்கங்க. அது கொஞ்ச நாள்ல மறந்துருவாங்க. இது தெரிஞ்சா நான் செத்த பிறகும் பேசுவாங்க."

பத்து நாற்பத்தைந்து. ஜீவராணி கோயில் படியில் உட்கார்ந்தாள். பெட்டியைத் தலைக்கு மேலிருந்து இறக்க தனுஜாவால் முடியாது என்பதற்கு மருத்துவரே சாட்சி. அந்தச் சாட்சியைத்தான் கூப்பிட முடியாது. பன்னிரண்டு மணியானால் பெண்ணை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே சோதனை போடுவார்கள். சால்வையை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

களவாணியை வேறு பக்கத்திலிருந்து பிடிக்க வேண்டும்.

எழுந்து கருவறை வாசலில் நின்றாள். உள்ளே பூசாரி வீரய்யா திரி தூண்டிக்கொண்டிருந்தார். அம்மன் உடம்பெல்லாம் சந்தனம். தோளில் மட்டும், இரண்டு பக்கமும், விரல் அகலத்துக்குச் சந்தனம் வழித்துக் கருங்கல் தெரிந்தது. முழங்காலிலும் அதே மாதிரி.

"பூசாரி ஐயா, சந்தனக் காப்பு எப்ப சாத்தினது?"

"நேத்து உச்சிப் பூசைக்கும்மா. பன்னண்டரைக்கு. திருவிழா முடியிற மட்டும் கலைக்க மாட்டோம்."

"உங்களைத் தவிர உள்ள யாரு போகலாம்?"

"யாரும் போகக் கூடாது. தலைவரே வாசப்படியோட சரி" என்றார் வீரய்யா பெருமையாக. சொன்ன பிறகு அம்மன் தோளைப் பார்த்துவிட்டு, விளக்குப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினொன்று இருபதுக்குக் கமிட்டி கூடியது. ராக்காயியும் வந்திருந்தாள். கூப்பிடாத இன்னும் முப்பது பேரும் வந்திருந்தார்கள்.

"கவசம் களவு போகல" என்றாள் ஜீவராணி. "எல்லாரும் அம்மன் தோளைப் பாருங்க. சந்தனம் பன்னண்டரைக்குப் பூசினது. அதுக்குப் பிறகு யாரோ கவசத்த அம்மனுக்குப் போட்டுப் பாத்திருக்காங்க. தோள்ல நிக்கல, வழுக்கி முழங்காலுக்கு வந்துருக்கு. களவெடுக்க வந்தவ சாமிக்குப் போட்டு அழகு பாத்துட்டா எடுத்துக்கிட்டுப் போவா? தனுஜா கருவறைக்குள்ள கால் வைக்க முடியாது. பூசாரி ஐயா, எத்தனை மணிக்கு?"

வீரய்யா தலைவரைப் பார்த்தார். தலைவர் அம்மனைப் பார்த்தார். அம்மன் யாரையும் பார்க்கவில்லை.

"அஞ்சே முக்காலுக்கும்மா" என்று பூசாரி உட்கார்ந்துவிட்டார். "விழாவுக்கு முந்தி ஒருக்காப் போட்டுப் பாத்துருவோம்னு தலைவர்தான் சொன்னாரு. தொளதொளன்னு கெடந்துச்சு."

"அளவெடுத்தது யாரு?"

"நான்தான். நூல் புடிச்சி. தலைவர் அத வீடியோ எடுக்கணும்னாரு. திரையும் போட வுடல. கமிட்டி பூராவும் கேமராவோட நிக்கிது. அத்தனை ஆம்பளைங்களுக்கு முன்னுக்கு ஆத்தா சேலைய எப்பிடிம்மா களையிறது? ரெண்டு பட்டுச்சேலைக்கு மேலதான் அளந்தேன்."

கூட்டத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை பெரியவர் வர்றாரு மிஸ்" என்றார் அழகுமுத்து. கம்பீரம் எங்கோ போய்விட்டிருந்தது. "கண்டிக்கு அனுப்பித் திருத்த நாள் பத்தாது. காணோம்னா விழாவ ஒத்திப்போடலாம்னுதான் நினைச்சேன். நான் யார் பேரையும் சொல்லணும்னு நினைக்கல. ராக்காயி சொன்னா."

"நீங்க சும்மா இருந்தீங்க."

தலைவர் மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார். கவசம் அவர் வீட்டு அலுமாரியில், மிச்ச நோட்டீஸில் சுற்றி இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கி, அம்பாள் திருவருளால் கவசம் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. கமிட்டி தலைவரை ஏகமனதாக மன்னித்தது. தனுஜாவின் பெயரை யாரும் சொல்லவில்லை.

"அது சரி தாயி" என்று ராக்காயி பின்னாலேயே வந்தாள். "அப்ப அந்தச் சால்வைக்குள்ள என்னதான் இருந்துச்சு?"

"தையல் துணி. வாக்குமூலத்துல எழுதியாச்சு."

ஜீவராணி தெரிந்தே பொய் எழுதியது அதுதான் முதல் தடவை. ராக்காயி அதை நம்பவில்லை. காலையில் சால்வையை இழுத்தது அவள் கைதானே. இரண்டு மணிக்குள் குழாயடியில் பெண்கள் தங்கள் நெஞ்சுக்கு முன்னால் கையைக் குவித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று பத்துக்கு பஸ் தரிப்பில் தனுஜா நின்றாள். ஹட்டனில் ஒரு டொக்டரிடம் தையலைக் காட்டிவிட்டு, அப்படியே கொழும்புக்குப் போவதாகச் சொன்னாள். சித்தி கூட வரவில்லை. வாசலில் நின்று அழுதுவிட்டு உள்ளே போய்விட்டாள். பையை ஜீவராணி சுமந்து வந்திருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, சேலைய களைஞ்சிட்டு அளங்கன்னு சொல்லிருப்பேன்" என்றாள் தனுஜா. "கமிட்டிக்குத்தான் பொம்பள ஆகாதே."

பிற்பகல் பனி தேயிலை மேல் இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

"எல்லாரும் என்ன ஒரு மாதிரிப் பாத்தாங்க மிஸ். கொழும்பு டொக்டரோட நேர்ஸ்கூட. ஏன் இப்பிடிச் செஞ்சன்னு நீங்க மட்டும் கேக்கவும் இல்ல, மொகம் சுளிக்கவும் இல்ல. உங்களுக்கு எப்பிடி விளங்குச்சு?"

ஜீவராணி பஸ்ஸுக்குக் கை காட்டினாள். பஸ் வந்தது. பையைத் தூக்கி உள்ளே வைத்து, ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்து, கம்பியைக் கை உயர்த்திப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லி இறங்கினாள். வளைவில் பஸ் மறையும் வரை நின்றாள். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

இருபத்திரண்டு வருடமாக, சீருடை போடும் ஒவ்வொரு நாளும், ஜீவராணி மார்பில் பக்கத்துக்கு இரண்டாகக் கைக்குட்டைகளை மடித்து உள்ளாடைக்குள் வைத்துக்கொள்கிறாள்.