லொரைனின் தடுமாறும் பெட்டி

காலை மணி ஒன்பது. சிங்கப்பூரின் பஃபலோ சாலைப் பலகாரக் கடையின் ஷட்டரைத் தூக்கிய லொரைன் அப்படியே நின்றாள். மேசை காலி. ஆறு மாதமாக அவள் கட்டிய பெட்டியைக் காணோம்.

பழைய சலவை இயந்திரத்தின் டைமர், மிக்சி மோட்டார், ரைஸ் குக்கரின் அடிப்பாகம்: இவ்வளவுதான் பெட்டி. கருகியதோ குழைந்ததோ, சமையலில் கெட்டது எதையும் உள்ளே போடலாம். அரைப்பதா, வறுப்பதா, அவிப்பதா என்பது டைமரின் இஷ்டம். கல்லாய்ப் போன இட்லி உப்புமாவாக வரும். வராவிட்டால், வந்ததையே திரும்ப உள்ளே போட வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குச் சமூக மன்றத்தில் சமையல் கண்டுபிடிப்புப் போட்டி. ஜெயித்தால் சந்தையில் அவளுக்கே அவளுக்கென்று ஒரு கடை. அதை நம்பி வங்கி வேலையையும் விட்டிருந்தாள்.

பூட்டு உடையவில்லை. அவள் தம்பி டெரன்ஸ் ஓடிப்போய்ச் சுந்தரேசனை அழைத்து வந்தான். ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன்ட், இப்போது எதிர்க் கட்டடக் காவலாளி.

"என் சர்வீஸ்ல ரெண்டு திருடனைப் பிடிச்சிருக்கேன்," என்றார். "ஒருத்தன் தானா வந்து சரணடைஞ்சான்."

"அங்கிள், ஜோக் வேணாம் லா."

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட. அப்புறம் பார்ட்னர் சந்திரமதி அக்காகிட்ட."

"அவங்களுக்குப் பெட்டி பிடிக்குமா?"

லொரைன் தலைகுனிந்தாள். "நேத்துகூட 'இந்தக் குப்பைய எப்ப எடுப்பே'ன்னாங்க. இப்ப போன் எடுக்கல. பழைய சாமான் வாங்குறவர்கிட்ட தூக்கிக் குடுத்துட்டாங்க போல."

"வேற என்ன காணோம்?"

"ஒண்ணுமில்ல. லேப்டாப் இருக்கு, கல்லாப்பெட்டி இருக்கு."

டெரன்ஸ் ரொட்டிப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தான்.

"கத்தி இல்லையா தம்பி?"

"தேடினேன் அங்கிள். இல்ல."

சுந்தரேசன் இழுப்பறைகளைத் திறந்து பார்த்தார். அலமாரியில் தராசு இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் வட்டமாகத் தெரிந்தது. வெளியே போனார். சந்தை வாசலில் பூவுக்கும் பொரிக்கும் சனம் இடித்துக்கொண்டு நின்றது. ஒரு பாக்கெட் பொரியைக் கொறித்தபடி திரும்பினார்.

"மேல போவோம். எடுத்தது சந்திரமதிதான்."

லொரைனின் கண் கலங்கியது. சந்திரமதியின் மாடி வீட்டுக்குப் போகும் லிஃப்டில் அவர் தொடர்ந்தார். "பெட்டியவே தேடினதுல கத்தியும் தராசும் போனத நீங்க கவனிக்கல. லேப்டாப்ப விட்டுட்டுப் பழைய தராசத் தூக்குற திருடன் இந்த ஊர்ல கிடையாது. நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, ஞாபகம் இருக்காது. இன்னிக்கு ஆயுத பூஜை. தொழில் சாமானுக்குப் பொட்டு வெச்சு ஓய்வு குடுக்குற நாள்."

சந்திரமதி கரண்டியோடு கதவைத் திறந்தாள். உள்ளே கத்தி, தராசு, முறுக்குக் குழல் எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. நட்டநடுவே பெட்டி. அதற்குத்தான் பெரிய பொட்டு, சாமந்தி மாலை.

"போன் சார்ஜ்ல கெடக்கு. ஏன்டி அழுவுற?"

"குப்பைன்னு சொன்னீங்களேக்கா."

"சொன்னேன். குப்பையா இருந்தா நடுவுல வெப்பேனா? உன் பொழப்பே அதுலதானே இருக்கு."

டெரன்ஸ் எட்டிப் பார்த்தான். "லேப்டாப்புக்குப் பொட்டு இல்லையாக்கா?"

"அதுல உங்கக்கா நாடகம்தானே பாக்குறா."

சுந்தரேசன் தொண்டையைச் செருமினார். "பூஜைக்கு வெச்சத நாளைக்குத்தானே எடுக்கணும்?"

"மத்ததெல்லாம் நாளைக்கு. இதுக்கு மட்டும் லீவு கேன்சல். சாமிகிட்ட சொல்லிட்டேன். தீபம் காட்டிட்டு நானே கீழ கொண்டாந்து தர இருந்தேன்."

லொரைன் அவளைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் தீய்ந்த வாசனை வந்தது. அடுப்பில் கொண்டைக்கடலைச் சுண்டல் கரியாகியிருந்தது.

வேறு சுண்டல் வைத்துத் தீபம் காட்டியதும், தீய்ந்ததைப் பெட்டியில் கொட்டினாள் லொரைன். அது இருமியது, நின்றது, மறுபடி ஓடியது. செம்பழுப்பாக ஒரு பொடி விழுந்தது. சுந்தரேசன் நக்கிப் பார்த்துவிட்டுச் சோறு கேட்டார்.

மூன்று மணிக்கு நடுவர்களும் அந்தப் பொடி பிசைந்த சோற்றை இரண்டாம் முறை கேட்டார்கள். லொரைனுக்குக் கடை கிடைத்தது.

கைதட்டி ஓய்ந்த சந்திரமதி சுந்தரேசன் பக்கம் சாய்ந்தாள். "அப்ப கடை தொறந்தா, தினமும் சுண்டலத் தீய்க்கிறது யாரு, நானா?"